நூற்று எழுபத்தொரு ‘நல்லா இருக்கேன்’

ஹலோ அக்காவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது அந்த ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் போனை எடுத்துக் காதில் வைத்துவிட்டால் அந்தக் கோபம் எங்கே போய் ஒளிந்துகொள்ளுமோ, யாருக்கும் தெரியாது. “ஹலோ, வணக்கம்” என்று அவள் சொல்கிற விதத்தில், எதிர்முனையில் இருக்கிறவர் எதற்காகச் சண்டைபோட வந்தோம் என்பதையே மறந்துவிடுவார். இருபத்திரண்டு வருஷம் ஆஸ்பத்திரியின் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து சம்பாதித்த குரல் அது. ‘ஹலோ அக்கா’ என்ற பெயரும் அங்கே ஒட்டிக்கொண்டதுதான். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது.

ஒரு நாள் எக்ஸ்சேஞ்சை எடுத்துவிட்டு, ‘ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும்’ என்று சொல்கிற மெஷினை வைத்தார்கள். அக்காவை எங்கே போடுவது என்று யாருக்கும் தெரியவில்லை. ரெக்கார்டு ரூம் என்றார்கள், ஸ்டோர் என்றார்கள். கடைசியில் இதயப் பிரிவின் பெரிய டாக்டர், “அவங்கள எங்கிட்ட அனுப்புங்க. எனக்கு வாய் உள்ள ஆள் ஒண்ணு வேணும்” என்றார். அப்படித்தான் இரண்டாவது மாடியில், எக்ஸ்ரே படங்கள் அடுக்கியிருந்த ஓர் அறையில் பாதியைத் தடுத்து, ஒரு மேஜை, ஒரு போன், பூட்டினால் திறக்காத, திறந்தால் பூட்டாத ஓர் இரும்பு பீரோவோடு அவளை உட்கார வைத்தார்கள்.

வேலை என்ன என்று கேட்டால் ஒரே வரியில் சொல்லிவிடலாம். சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போனவர்களை ஒரு மாதம், ஆறு மாதம், ஒரு வருஷம் கழித்துக் கூப்பிட்டு, எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டு எழுத வேண்டும். ‘இதுக்கு ஒரு ஆளா?’ என்று முதல் வாரம் அவளே வீட்டில் போய்ச் சிரித்தாள்.

அது சாதாரணச் சிகிச்சை இல்லை. இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகிற குழாய் பாதி அடைத்திருந்தால் ஒரு பாடு. முழுவதுமாக அடைத்து, மாதக்கணக்கில் இறுகிக் கல்லாகிவிட்டால் அது வேறு பாடு. மணிக்கட்டு வழியாகவோ தொடை வழியாகவோ மெல்லிய குழல் ஒன்றை விட்டு, அதற்குள் முடி போன்ற கம்பியை அனுப்பி, அந்த இறுகலுக்குள் வழி தேட வேண்டும். முன்பக்கம் வழி இல்லையென்றால் பக்கத்துச் சின்னக் குழாய்களைச் சுற்றிக்கொண்டு பின்பக்கமாக வர வேண்டும். வழி கிடைத்தால் பலூனை ஊதி விரித்து, ஸ்டென்ட் என்கிற வலைக் குழாயை உள்ளே வைத்துவிட்டுத் திரும்ப வேண்டும். பெரிய டாக்டர் வியாழக்கிழமைதோறும் ஈயக் கவசத்தை மாட்டிக்கொண்டு மூன்று மணி நேரம், நான்கு மணி நேரம் நின்று இதைச் செய்வார். முடித்துவிட்டு வெளியே வரும்போது அவர் முதுகு தனியாக நடந்து வருகிற மாதிரி இருக்கும்.

“ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க அக்கா” என்று அவர் ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தார். “இத செஞ்சா ஆயுசு கூடும்னு நான் யாருக்கும் சத்தியம் பண்ணித் தரமாட்டேன். அதுக்கு எங்கிட்ட ஆதாரம் இல்ல. நடக்கறப்ப நெஞ்ச பிடிக்கறது, மாடி ஏறுனா மூச்சு முட்டறது, இதெல்லாம் குறையும். அதுக்காகத்தான் செய்யறோம். குழாய் திறந்துச்சான்னு என் படம் சொல்லிடும். மனுஷன் நடக்கறானான்னு நீங்கதான் சொல்லணும்.”

அந்தக் கடைசி வாக்கியம் அவளுக்கு அப்போது முழுசாக உறைக்கவில்லை. கேள்வித் தாளில் நான்கு கட்டங்கள் இருந்தன: நலம், ஓரளவு நலம், மாற்றம் இல்லை, மோசம். அவள் கூப்பிடுவாள். “எப்படி இருக்கீங்க?” என்பாள். “நல்லா இருக்கேம்மா” என்பார்கள். முதல் கட்டத்தில் டிக். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். ஒரு போனை விடமாட்டாள். நம்பர் மாறியவர்களைப் பக்கத்து வீட்டுக்காரர் மூலம், மருந்துக் கடைக்காரர் மூலம் பிடித்துவிடுவாள். இரண்டு வருஷத்தில் குழாய் திறந்த நூற்று எண்பத்து நான்கு பேரில் ஒருவர்கூட அவள் கையை விட்டு நழுவவில்லை. ஐந்து பேர் இறந்திருந்தார்கள், அதையும் அவள்தான் கண்டுபிடித்து எழுதினாள். மீதி நூற்று எழுபத்தொன்பதில் நூற்று எழுபத்தொரு பேர் நலம். அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. அந்த எண்ணை வீட்டிலும் சொன்னாள், பஸ்ஸிலும் சொன்னாள், கேட்காதவர்களிடமும் சொன்னாள்.

பெருமைப்பட வேறு காரணமும் இருந்தது. இந்தச் சிகிச்சை தேவையா, வியாழக்கிழமை முழுவதையும் இதற்கு ஒதுக்கத்தான் வேண்டுமா என்று ஆஸ்பத்திரியில் ஒரு சண்டை ஓடிக்கொண்டிருந்தது. வெளியிலிருந்து ஒரு நிபுணரைத் தலைவராகப் போட்டு ஒரு கமிட்டி அமைத்திருந்தார்கள். அந்தக் கமிட்டி முன்னால் பெரிய டாக்டர் இரண்டு வருஷக் கணக்கை வைக்க வேண்டும். எண் நன்றாக இருந்தால் வியாழக்கிழமை தொடரும். இல்லாவிட்டால் மூடிவிடுவார்கள். வரிசையில் நாற்பத்தாறு பேர் காத்திருந்தார்கள். அவர்களையும் அக்காவுக்குக் குரலால் தெரியும்.

கமிட்டிக்கு இரண்டு வாரம் இருக்கும்போதுதான் அக்கா வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க அண்ணன் வந்தார்.

அண்ணன் என்றால் அவளுடைய சொந்த அண்ணன். நாற்பது வருஷமாகப் பெயின்டர். தொழிலில் பழம் தின்று கொட்டை போட்டவர். அவருக்கும் பத்து மாதத்துக்கு முன்னால் பெரிய டாக்டர்தான் அடைப்பைத் திறந்திருந்தார். ஆறாம் மாதப் பட்டியலில் அவர் பெயர் வந்தபோது அக்கா ஆபீஸ் போனிலிருந்தே கூப்பிட்டாள். “ஆஸ்பத்திரியிலேர்ந்து பேசறேன், எப்படி இருக்கீங்க?” என்று விறைப்பாகக் கேட்டாள். அவர், “ரொம்ப நல்லா இருக்கேன் மேடம்” என்றார். தங்கையை மேடம் என்கிறாரே என்று விழுந்து விழுந்து சிரித்துவிட்டு முதல் கட்டத்தில் டிக் போட்டாள்.

இப்போது முன்னறையில் சுவரைத் தேய்த்து, நீலப் பெயின்டைக் கலக்கி, பிரஷ்ஷை எடுத்தார். அக்கா டீ போட்டுக்கொண்டு வந்து பார்த்தாள். மூன்று சுவர் முடிந்திருந்தது. முடிந்திருந்தது என்றால் தோள் உயரம் வரைக்கும். அதற்கு மேலே பழைய வெள்ளை அப்படியே நின்றது.

அக்காவின் வீட்டுக்காரர் பஸ் டிரைவர். அன்று லீவு. அவர் சுவரைப் பார்த்தார், மச்சானைப் பார்த்தார். “என்ன மச்சான், நம்ம வீட்டுச் சுவருக்கு வேட்டி கட்டி விட்டீங்களா?” என்றார்.

“கீழ காயட்டும், அப்புறம் மேல போலாம்” என்றார் அண்ணன்.

பெயின்டைப் பற்றி அக்காவுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் பெயின்ட் கீழ்நோக்கிச் சொட்டும் என்று தெரிந்துகொள்ளப் படிப்பு வேண்டியதில்லை. அண்ணன் வேலை செய்வதைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவள் அவள். உச்சியில் ஆரம்பித்துத்தான் தரைக்கு வருவார். ஏணி சுவர் ஓரமாக, ஒரு சொட்டு நீலம்கூடப் படாமல் சாய்ந்திருந்தது.

“அண்ணே, ஏணியில ஏறு பாப்போம்.”

“ஏறலாம் ஏறலாம். டீய குடு.”

“டீ இருக்கட்டும். இப்ப ஏறு.”

அண்ணன் பிரஷ்ஷைக் கீழே வைத்தார். “மூணாவது படி வரைக்கும் போறேன் பாப்பா. அதுக்கு மேல நெஞ்ச புடிக்குது” என்றார்.

“எத்தன நாளா?”

“நாலஞ்சு மாசமா. முதல்ல நல்லாத்தான் இருந்துச்சு. அப்புறம் மறுபடியும் பழைய மாதிரி. வெளி வேலையில மேல் பாதிய வேற ஆள் பாத்துக்கறான், நான் கீழ் பாதி. சமாளிச்சுக்கறோம்.”

“அடப்பாவி மனுஷா! நான் போன் பண்ணி கேட்டேன்ல? ரொம்ப நல்லா இருக்கேன் மேடம்னு சொன்னியே!”

“அது ஆஸ்பத்திரிலேர்ந்து இல்ல பேசுன?” என்றார் அண்ணன், இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி. “அந்த டாக்டரு மூணரை மணி நேரம் நின்னுக்கிட்டே செஞ்சாரு. முடிச்சதும் எங்கையப் புடிச்சுக்கிட்டு, வழி கிடைச்சிடுச்சுன்னு சிரிச்சாரு. அவருகிட்டப் போயி, சரியில்லன்னு சொல்லச் சொல்றியா? மனுஷன்னா ஒரு நன்றி வேணாம்?”

அக்காவுக்கு வந்த கோபத்துக்கு அந்த ஏணியைத் தூக்கித் தெருவில் போட்டிருப்பாள். போடவில்லை. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அண்ணன் நன்றிக்காகப் பொய் சொன்னார் என்றால், மற்ற நூற்று எழுபது பேரும் நன்றி கெட்டவர்களா என்ன? கூடப் பிறந்தவளிடமே இந்தக் கதை என்றால், முகம் தெரியாத ஒரு குரலிடம் யார் உண்மையைச் சொல்லியிருப்பார்கள்? எப்படி இருக்கீங்க என்று யார் கேட்டாலும் நல்லா இருக்கேன் என்று சொல்லித்தானே நம்மை வளர்த்திருக்கிறார்கள். அது பதில் இல்லை, வணக்கத்துக்குப் பதில் வணக்கம். இரண்டு வருஷமாக அவள் முத்து முத்தாக எழுதி வைத்திருந்தது நூற்று எழுபத்தொரு வணக்கம்.

அன்று முழுவதும் அவள் பேசவில்லை. வீட்டுக்காரர் பயந்துவிட்டார். அவள் கத்தினால் அவருக்குப் பழக்கம், பேசாமல் இருந்தால் பழக்கமில்லை. சாயந்திரம் அவளே ஆரம்பித்தாள். “சொல்லாம இருந்தா யாருக்கும் தெரியாது. டாக்டர் அந்த எண்ண வச்சு ஜெயிச்சுடுவாரு. சொன்னா வியாழக்கிழமை போயிடும். நாப்பத்தாறு பேரு நடுத்தெருவுல நிப்பாங்க. நான் என்ன பண்ண?”

டிரைவர் யோசித்தார். “பிரேக் பிடிக்கலன்னு தெரிஞ்ச அப்புறம் வண்டிய எடுக்கறவன் டிரைவரே இல்ல” என்றார். “அவசரம்னாலும் எடுக்கக் கூடாது. உள்ள நாப்பது பேரு உக்காந்திருந்தாலும் எடுக்கக் கூடாது.”

“நான் என்ன வண்டியா ஓட்டறேன்?” என்று எரிந்து விழுந்தாள். ஆனால் காலையில் எட்டு மணிக்கே பெரிய டாக்டர் அறை வாசலில் நின்றாள்.

அவர் கமிட்டிக்கான படங்களைக் கம்ப்யூட்டரில் அடுக்கிக்கொண்டிருந்தார். திரையில் பெரிய எழுத்தில் ‘நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் நலம்’ என்று இருந்தது. அக்கா அதைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை, வெட்டு ஒன்று துண்டு இரண்டு.

“சார், அந்த எண் பொய். டிக் போட்டது நான்தான். தப்பு எம்மேல.”

சுவர் கதையைச் சொன்னாள். மேடம் கதையையும் சொன்னாள். டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

“உங்க அண்ணன் ஒருத்தர்தானே?”

“ஒருத்தரா நூறு பேரான்னு எனக்குத் தெரியல சார். தெரியலங்கறதுதான் விஷயம்.”

“எண்ணிக்கை இறங்கினா என்ன ஆகும்னு தெரியுமில்ல?”

“தெரியும் சார்.”

அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். கீழே வண்டிகள் நிறுத்தும் இடத்தில் யாரோ யாரையோ திட்டிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது. திரும்பியபோது அவர் முகம் சிவந்திருந்தது. அந்தக் கோபம் தன்மேலா, தன் வேலைமேலா, அவர் தன்மேலேயே பட்டுக்கொண்டதா என்று அக்காவால் சொல்ல முடியவில்லை.

“மீட்டிங்குக்கு இன்னும் பன்னண்டு நாள் இருக்கு” என்றார்.

“பதினோரு நாள் போதும்.”

“எல்லாருகிட்டயும் ஒரே கேள்வி கேக்கணும். சந்தேகப்பட்டவங்கள மட்டும் துருவித் துருவிக் கேட்டா அதுவும் பொய்க் கணக்குதான். நூத்தி எழுபத்தொம்பது பேரும்.”

“சரி சார்.”

“அப்புறம் எதுக்கு இங்க நிக்கறீங்க? போய் போன எடுங்க.”

கேள்விகளை அக்காவே எழுதினாள். டாக்டர் ஒவ்வொன்றையும் பார்த்துச் சரி சொன்னார். ‘எப்படி இருக்கீங்க’ என்ற கேள்வியே அதில் கிடையாது. இன்றைக்குக் காலையில் எங்கே நடந்து போனீர்கள்? வழியில் எத்தனை தடவை நின்றீர்கள்? மாடி ஏறும்போது பேச முடிகிறதா? வீட்டில் தண்ணீர் கேனைத் தூக்குவது யார்? முன்னால் செய்த எந்த வேலையை இப்போது வேறு யாராவது செய்கிறார்கள்? கடைசியில், வீட்டில் இருக்கிற இன்னொருவரிடமும் இதையே கேட்க வேண்டும். சிகிச்சைக்கு முன்னால் ஒவ்வொருவரும் எவ்வளவு தூரம் நடந்தார்கள் என்பது பழைய அட்மிஷன் தாளில் இருந்தது. அதையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து டாக்டர் கட்டம் போட்டார், அக்கா போடவில்லை. இனிமேல் தன் கையால் டிக் போடமாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

பதினோரு நாளும் அவள் காது சிவந்து கிடந்தது. ஒரு காது வலித்தால் மறு காது. தொண்டைக்குப் பிளாஸ்கில் வெந்நீர்.

எத்தனை விதமான பொய்கள்! ஒரு வாத்தியார், மூச்சு வாங்கியதால் வகுப்பைக் கீழ்த்தளத்துக்கு மாற்றிக்கொண்டு, ‘இப்ப எனக்கு மாடி ஏறுற கஷ்டமே இல்லம்மா’ என்று சொல்லியிருந்தார். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை பாருங்கள்! தையல்கார அம்மா ஒருத்தி, சரியில்லை என்று சொன்னால் மறுபடி கூப்பிட்டுப் படுக்க வைத்துவிடுவார்கள் என்று பயந்து சொல்லாமல் இருந்தாள். ஒருவர் மனைவிக்குத் தெரியக் கூடாது என்பதற்காக நன்றாக இருந்தார். அந்த மனைவிக்கு எல்லாம் தெரிந்திருந்தது, அவருக்குத் தெரியக் கூடாது என்பதற்காக அவளும் சும்மா இருந்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற குடும்பங்களாக இருக்கிறதே என்று அக்கா போனை வைத்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

ஆனால் நிஜமாகவே நன்றாக இருந்தவர்களும் இருந்தார்கள். அவர்களிடம் புதுக் கேள்வியைக் கேட்டபோதுதான் அது எப்பேர்ப்பட்ட நன்றாக என்று தெரிந்தது. ஒரு தபால்காரர், “மேட்டுத் தெருவுல முன்னாடி சைக்கிளத் தள்ளிக்கிட்டு போவேன். இப்ப சீட்ட விட்டு இறங்கறதில்ல. போன வாரம் ஒரு காலேஜ் பையன முந்திட்டேன்” என்றார். லாண்டரி வைத்திருந்த ஓர் அம்மாள், இஸ்திரிப் பெட்டியைத் தூக்கினாலே நெஞ்சு வலித்த காலத்தைச் சொல்லிவிட்டு, இப்போது பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு மூன்று மாடி ஏறுவதைச் சொன்னாள். சொல்லும்போதே அழுதுவிட்டாள். முன்னே அதே அம்மாளுக்கு ஒரு டிக். வாத்தியாருக்கும் அதே டிக். இரண்டையும் ஒரே கட்டத்தில் போட்டேனே என்று அக்காவுக்கு வெட்கமாக இருந்தது, கூடவே சந்தோஷமாகவும் இருந்தது. இப்போதுதான் தான் வேலை செய்கிறோம் என்று தோன்றியது.

பதினோராவது நாள் மத்தியானம் கடைசிப் போன் முடிந்தது. நூற்று எழுபத்தொன்பதில் நிஜமாக நலமாக இருந்தவர்கள் நூற்று இருபத்திரண்டு பேர். ஓரளவு நலம் முப்பத்து நான்கு. மாற்றமே இல்லாதவர்கள், மோசமானவர்கள் இருபத்து மூன்று. தொண்ணூற்றைந்து, அறுபத்தெட்டாக இறங்கிவிட்டது. அந்த இருபத்து மூன்று பேரையும், போனில் தெரியவந்த அன்றைக்கன்றே டாக்டர் வரச் சொல்லியிருந்தார். அண்ணன் முதல் வாரமே முதல் ஆளாக வந்தார், அக்கா பின்னால் நின்று தள்ளிக்கொண்டு வந்ததால். ஸ்டென்டுக்குள் மறுபடி குறுகியிருந்தது. அந்த வியாழக்கிழமையே திறந்தார்கள். இந்தத் தடவை நிற்குமா என்று இப்போதே சொல்ல முடியாது என்றார் டாக்டர். அண்ணன், “பரவால்ல சார், நல்லா இருக்கேன்” என்று ஆரம்பித்து, தங்கை முறைப்பதைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

கமிட்டி நாள். நீள மேஜை, சுற்றிலும் எட்டுப் பேர், ஒவ்வொருவர் முன்னாலும் தண்ணீர் பாட்டில். அக்கா கடைசி நாற்காலியில் தாள்கட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டாக்டர் எழுந்து அறுபத்தெட்டு என்றார். திறக்க முடியாமல் போன இருபத்தொன்பது பேரையும், இறந்த ஐந்து பேரையும், குழாயில் ஓட்டை விழுந்து அவசரமாகச் சரிசெய்த மூன்று பேரையும் மறைக்காமல் சொன்னார்.

தலைவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். நல்ல உயரம், வழித்த தாடை, சிரித்தே அறியாத வாய். “மத்த எடத்துலயெல்லாம் தொண்ணூறுக்கு மேல காட்டறாங்க. நீங்க அறுபத்தெட்டுன்னு கொண்டு வர்றீங்க. ஒண்ணு உங்க கை சரியில்ல, இல்லன்னா உங்க கணக்கு சரியில்ல. எது?”

“கணக்கு முன்னாடி சரியில்ல. இப்ப சரியா இருக்கு” என்றார் டாக்டர். “அத சரி பண்ணவங்க இங்க இருக்காங்க. அவங்களையே கேளுங்க.”

எட்டுத் தலைகளும் திரும்பின. அக்காவுக்குப் பயமாக இருந்தது. நேரில் பேசிப் பழக்கமில்லை, போனில்தான் அவள் ராணி.

“போன்ல கேட்டதெல்லாம் ஒரு ஆதாரமா?” என்றார் தலைவர். “ரெண்டு தடவ கேட்டா ரெண்டு பதில் வரும்.”

அவ்வளவுதான், கோபம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது. கோபம் வந்ததும் பயம் போய்விட்டது. “கேள்விய மாத்தினா பதில் மாறும் சார். நீங்களே பாருங்க. இந்த இருபத்து மூணு பேருல ஒருத்தரச் சொல்லுங்க, இப்பவே கேப்போம்” என்று தாளை அவர் முன்னால் வைத்தாள். அதில் பெயர் இல்லை, வரிசை எண்தான். தலைவர் பதினாலு என்றார். அக்கா தன்னிடமிருந்த பட்டியலைப் பார்த்து, மேஜைமேல் இருந்த போனில் நம்பரை அழுத்தி ஸ்பீக்கரைப் போட்டாள்.

“ஹலோ, வணக்கம். ஆஸ்பத்திரிலேர்ந்து பேசறேன். ஐயா, இங்க எட்டுப் பேரு உக்காந்து கேட்டுக்கிட்டு இருக்காங்க. உங்க பேர சொல்லல. நீங்க பேசறது அவங்களுக்குக் கேக்கலாமா? வேணாம்னா வச்சிடறேன்.”

“தாராளமா கேக்கட்டும்மா!” என்றது ஒரு வயசான குரல்.

அக்கா போனைத் தலைவர் பக்கம் தள்ளினாள். தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, “எப்படி இருக்கீங்க?” என்று கேட்டார்.

“ரொம்ப நல்லா இருக்கேங்கய்யா! டாக்டருக்கு ஒரு கும்பிடு சொல்லுங்க. மனுஷன் தெய்வம்!”

தலைவர் புருவத்தைத் தூக்கிக்கொண்டு சுற்றிப் பார்த்தார். மேஜையைச் சுற்றி ஒரு சின்னச் சிரிப்பு ஓடியது. அக்கா போனைத் தன் பக்கம் இழுத்தாள்.

“ஐயா, காலையில கடைக்குப் போனீங்களா?”

“போனேனே. தினம் போறதுதான்.”

“வழியில நின்னீங்களா?”

“மூணு எடத்துல நின்னேன். சும்மா இல்லம்மா. தெரிஞ்சவங்களப் பாத்தா ரெண்டு வார்த்த பேசாம வர முடியுமா?”

“யாரு யாரப் பாத்தீங்க?”

போனில் ஒரு சிரிப்பு வந்தது, மூச்சு வாங்கிக்கொண்டே வந்த சிரிப்பு. “விடமாட்டியே நீ. ரெண்டு லைட்டு கம்பம், ஒரு மதிலு. நெஞ்சு அடங்கற வரைக்கும் புடிச்சுக்கிட்டு நிப்பேன். போதுமா? டாக்டர் சங்கடப்படுவாரேன்னுதான் இத்தன பேரு முன்னாடி சொல்லலம்மா.”

“டாக்டர் இங்கதான் இருக்காரு. சங்கடப்படல. நாளைக்கு வரச் சொல்லியிருக்காருல்ல, மறக்காம வாங்க.”

அவள் போனை வைத்தாள். யாரும் சிரிக்கவில்லை. பெரிய டாக்டர் தலையைக் குனிந்துகொண்டிருந்தார், ஆனால் காது வரைக்கும் பெருமை ஏறியிருந்தது தெரிந்தது. தலைவர் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். அவசரமில்லாமல் பத்து நிமிஷம் புரட்டியிருப்பார்.

“அந்தத் தொண்ணூறெல்லாம் எப்படிக் கேட்டு வாங்கினதோ, எனக்குத் தெரியாது. இது எப்படி வந்ததுன்னு இப்பப் பாத்துட்டேன்” என்றார் கடைசியில். “முன்னாடி நெஞ்சப் புடிச்சுக்கிட்டு இருந்தவங்க நூத்தி இருபத்திரண்டு பேரு இப்ப நடக்கறாங்கன்னா, வியாழக்கிழமை இருக்கட்டும். கேள்வித் தாள் மட்டும் இந்த அம்மா எழுதினதுதான். எல்லாப் பிரிவுக்கும்.”

அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. இருபத்திரண்டு வருஷம் மற்றவர்கள் பேச லைன் கொடுத்தவள் அவள். அவள் பேச்சை எட்டுப் பேர் வாயை மூடிக்கொண்டு கேட்டது அன்றுதான்.

கூட்டம் கலைந்து, அவள் தாள்களை அடுக்கிக் கட்டிக்கொண்டிருந்தபோது தலைவர் மட்டும் திரும்பி வந்தார். கதவைச் சாத்தினார். அந்த நிபுணர் முகம் எங்கேயோ போயிருந்தது.

“எங்க அப்பாவுக்கும் இதே மாதிரி அடைப்பு. போன வருஷம் எங்க ஊருல திறந்தாங்க. செஞ்சது நான்தான். தினம் கேக்கறேன். நல்லா இருக்கேன்டாங்கறாரு. நானும் நலம்னு எழுதிட்டேன். நீங்க ஒரு தடவ கேட்டுப் பாக்கறீங்களா?”

அக்கா மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தாள். கட்டிய தாளைப் பிரித்துப் புதுசாக ஒன்றை உருவினாள்.

“நம்பர் சொல்லுங்க சார்” என்றாள். “சொல்லிட்டு நீங்க வெளியில இருங்க.”